ரூபாயில் அளப்பதா, கிராமில் அளப்பதா?
(மாணவர் படையினரின் அன்றாட உணவுப்படி பற்றிய ஓர் ஆய்வு)

முன்னுரை

'பசி வந்திடப் பத்தும் பறந்துபோம்' என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தப் பத்தில் ஒழுங்கும் கட்டுப்பாடும் அடங்கும் என்பதை, தேசிய மாணவர் படையின் முகாம் ஒன்றுக்குச் சென்றுவந்த நாங்கள் நேரில் கண்டோம். 'ஒற்றுமையும் ஒழுங்கும்' என்பது என்.சி.சி.யின் கொள்கை. ஒழுங்காக நிற்பதற்கு இரண்டு கால்கள் வேண்டும். அந்தக் கால்களுக்கு வலு வேண்டும். வலுவுக்கு உணவு வேண்டும். அந்த உணவுக்கு நாளொன்றுக்கு இத்தனை ரூபாய் என்று ஒதுக்கப்படும் தொகையே உணவுப்படி. அதை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. உயர்த்தினால் மட்டும் போதுமா, எப்படி உயர்த்த வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

ஆய்வு பிறந்த கதை

ஏர்க்காட்டின் குளிரில் வளர்ந்த நாங்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சமவெளியில் நடந்த பத்து நாள் முகாமுக்கு இறங்கிச் சென்றோம். விடியுமுன் எழுந்து உடற்பயிற்சி, பிறகு அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, வரைபடப் பாடம், மாலையில் விளையாட்டு, இரவில் கலைநிகழ்ச்சி என்று ஒவ்வொரு நாளும் ஓட்டமாகவே ஓடியது. முதல் இரண்டு நாள் உற்சாகத்தில் உணவைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணி அளவில், அணிவகுப்புத் திடலில் எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மயங்கி விழுந்தாள்.

முகாம் மருத்துவர் அவளுடைய கண்ணிமையின் உட்புறத்தை இழுத்துப் பார்த்தார். அது வெளுத்திருந்தது. "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டார். "மூன்று இட்லி, சாம்பார், டாக்டர்" என்றாள். "வீட்டில்?" என்றார். அவள் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். இரத்த சோகை மூன்று நாளில் உண்டாவதில்லை என்றும், அவள் அதை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள் என்றும், வெயிலில் நின்றபோது அது வெளிப்பட்டுவிட்டது என்றும் மருத்துவர் எங்களுக்கு விளக்கினார்.

அன்று மதியம் வரிசையில் நின்றபோது எங்களுக்குச் சமையற்காரர் மீதுதான் கோபம் வந்தது. "அண்ணா, சாம்பாரில் பருப்பையே காணோமே!" என்று எங்களில் துடுக்கான ஒருத்தி கேட்டுவிட்டாள். அவர் கோபப்படவில்லை. "கண்ணு, மூட்டையிலே இருந்தால்தானே பானையிலே இருக்கும்? விலை ஏறிப்போச்சு, படி ஏறலையே!" என்றார்.

மாலையில் எங்கள் என்.சி.சி. ஆசிரியை மெஸ் கணக்கு நோட்டை எடுத்து வந்து எங்கள் நடுவில் அமர்ந்தார். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, எரிவாயு என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். ஒரு பைசாவும் தவறான வழியில் போயிருக்கவில்லை. தவறு சமையற்காரரிடமும் இல்லை, கணக்கு எழுதியவரிடமும் இல்லை. உணவை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதில்தான் தவறு இருந்தது. மலைக்குத் திரும்பியதும் நூலகத்தில் அமர்ந்து இதை ஆராய்ந்து எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம்.

மாணவர் படை - சிறு வரலாறு

1946-ஆம் ஆண்டு பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பள்ளி, கல்லூரி மாணவர்க்கு நாடு தழுவிய படைப்பயிற்சி அமைப்பு ஒன்று தேவை என்று அக்குழு பரிந்துரைத்தது. அதன் பயனாக 1948-ஆம் ஆண்டு தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு ஜூலை மாதம் படை தொடங்கப்பட்டது. மறு ஆண்டே, 1949-இல், மாணவியர் பிரிவும் உருவாயிற்று. விமானப் பிரிவு 1950-இலும் கடற்படைப் பிரிவு 1952-இலும் சேர்ந்தன.

இருபதாயிரம் பேருடன் தொடங்கிய அப்படைக்கு, 2024-ஆம் ஆண்டு மேலும் மூன்று லட்சம் இடங்கள் அனுமதிக்கப்பட்டன. இதனால் அனுமதிக்கப்பட்ட மொத்த எண்ணிக்கை இருபது லட்சமாயிற்று. தேசிய பாதுகாப்பு அகாடமியில் 2022-இல் முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பதினேழு பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளிவந்தனர். சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதலே பெண்கள் பயிற்சி பெற்று வருகிறார்கள். ஆகவே இன்று திடலில் நிற்கும் ஒரு தங்கை நாளைய இராணுவ அதிகாரியாகவும் ஆகலாம். அவள் தட்டில் என்ன விழுகிறது என்பது சில்லறை விஷயம் அன்று.

இப்படைக்கு ஆகும் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. முகாமில் ஒரு கேடட்டுக்கு நாளொன்றுக்கு இத்தனை ரூபாய் என உணவுப்படி குறிக்கப்படுகிறது. அந்த ரூபாயைக் கொண்டுதான் மூன்று வேளை உணவும் தேநீரும் தர வேண்டும்.

சிப்பாயின் தட்டும் கேடட்டின் தட்டும்

படை வீரர்களுக்கு உணவு எப்படி வழங்கப்படுகிறது என்று தேடினோம். நம் இராணுவத்தில் வீரரின் உணவு எடையால் குறிக்கப்படுகிறது. மாவு அல்லது அரிசி இத்தனை கிராம், பருப்பு இத்தனை கிராம், எண்ணெய், பால், காய்கறி, முட்டை அல்லது இறைச்சி இவ்வளவு என்று ஒரு பட்டியல் உண்டு. அதற்கு ரேஷன் ஸ்கேல் என்று பெயர். பொருட்களை வாங்கிச் சேர்த்து வழங்குவது ஆர்மி சர்வீஸ் கோர் என்னும் பிரிவின் வேலை. பனி மூடிய உயர்ந்த மலைகளில் நிற்பவர்களுக்குத் தனிப் பட்டியலே இருக்கிறது. சந்தையில் துவரம் பருப்பின் விலை இரட்டிப்பானாலும் வீரரின் பட்டியலில் உள்ள கிராம் குறைவதில்லை. விலையேற்றத்தை அரசு சுமக்கிறது. வீரரின் வயிறு சுமப்பதில்லை.

இங்கே ஒரு சுவையான நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல், அமைதிப் பகுதிகளில் பணிபுரியும் அதிகாரிகளுக்கு உணவுப் பொருள் தருவது நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாக நாளொன்றுக்குச் சுமார் 96 ரூபாய் பணமாகத் தரப்பட்டது. அதிகாரிகளிடையே இது மனக்குறையை உண்டாக்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019-இல், பொருளாகவே தரும் பழைய முறை மீண்டும் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த அதிகாரிகளே ரூபாயைவிடக் கிராமே மேல் என்று கண்டார்கள் என்றால், வளரும் பிள்ளைகளுக்கு அது இன்னும் எவ்வளவு பொருந்தும்!

நான்கு இட்லி மூன்றாவது எப்படி?

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். ஏழாம் வகுப்புத் தங்கையரும் இதைப் போடலாம். ஒரு நாள் உணவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்ணே.) உணவுப் பொருள் விலை ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறுகிறது என்போம். முதல் ஆண்டு முடிவில் அதே உணவுக்கு 106 ரூபாய் வேண்டும். இரண்டாம் ஆண்டில் 112 ரூபாய் 36 பைசா. இப்படியே ஐந்து ஆண்டு சென்றால் ஏறக்குறைய 134 ரூபாய் ஆகிவிடும். படியோ அதே 100 ரூபாயாக நிற்கிறது. அப்படியானால் அந்த 100 ரூபாய்க்கு முன்பு வாங்கியதில் முக்கால் பங்குதான் வாங்க முடியும். நான்கு இட்லி மூன்றாகிவிட்டது! எவரும் எடுக்கவில்லை, எவரும் திருடவில்லை, எந்த உத்தரவும் பிறக்கவில்லை. ஆனாலும் ஓர் இட்லி மறைந்துவிட்டது.

ஐந்து ஆண்டு கழித்து அரசு படியை 134 ரூபாயாக உயர்த்தினால், நாளிதழில் 'உணவுப்படி உயர்வு' என்று செய்தி வரும். நாமும் கைதட்டுவோம். ஆனால் அது உயர்வு அன்று. மறைந்துபோன நான்காவது இட்லி திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் முகாம்களுக்கு வந்து போன பிள்ளைகளுக்கு அந்த இட்லி கிடைக்கவே இல்லை.

எங்கள் பக்கத்து ஊரான நாமக்கல்லை எண்ணிப் பாருங்கள். முன்பு நம் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த ஊர் அது. இன்று முட்டைக்குப் பெயர்போனது. அங்கே முட்டையின் கொள்முதல் விலை அடிக்கடி மாற்றி அறிவிக்கப்படுகிறது. சில வாரங்களில் நாளுக்கு நாள் மாறுகிறது. உணவுப்படியோ பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மாறுகிறது. நாள்தோறும் நடக்கும் விலையை, ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் படி எப்படிப் பிடிக்கும்?

முதலில் மறைவது எது?

நாங்கள் மெஸ் நோட்டில் கண்ட பெரிய பாடம் இதுவே: படி தேயும்போது எல்லாப் பொருளும் சமமாகக் குறைவதில்லை. அரிசி குறையாது. பிள்ளைகள் பசியோடு எழுந்துவிடக் கூடாது என்று நல்ல சமையற்காரர் சோற்றை நிறையவே போடுவார். குறைபவை முட்டை, பால், பருப்பு, கீரை, பழம், சுண்டல் ஆகியவை. சாம்பார் நீர்த்துப்போகும், பாலில் தண்ணீர் கூடும், கீரைக்குப் பதில் ஊறுகாய் வரும். வயிறு நிரம்பிவிடும், ஆகவே எவரும் குறை சொல்வதில்லை. ஆனால் இரத்தம் பட்டினி கிடக்கும்.

இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் தமிழகத்து மலை ஒன்றில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். நீலகிரியில் உள்ள குன்னூரில் சர் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1918 முதல் உணவு ஆராய்ச்சி நடத்தினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சேர்ந்த பஞ்சாபி உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. பெரும்பாலும் தீட்டிய அரிசியையே உண்ட எலிகள் மிகக் குன்றிப்போயின. பின்பு அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

அந்த நிறுவனத்தை வளர்த்த பெருமகனார் டாக்டர் சி. கோபாலன் நம் சேலத்தில் 1918-ஆம் ஆண்டு பிறந்தவர் என்பது நமக்கெல்லாம் பெருமை. குன்னூரில் ஆராய்ச்சியைத் தொடங்கி, ஹைதராபாத் நிறுவனத்தின் இயக்குநராகி, பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். நூறு வயது வாழ்ந்து 2019-இல் மறைந்தார். ஏழைக் குழந்தையின் தட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை அளந்து எழுதுவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அவர்.

பெண்பிள்ளைக்குத் தேவை என்ன?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளைப் பார்த்தோம். 13 முதல் 15 வயதுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2400 கலோரி வேண்டும். அதே வயது ஆண்பிள்ளைக்கு 2860. புரதம் பெண்ணுக்கு 43 கிராம், ஆணுக்கு 45 கிராம். இதுவரை பையன்களுக்கே அதிகம். ஆனால் இரும்புச்சத்துக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. பெண்ணுக்கு 30 மில்லிகிராம் வேண்டும். ஆணுக்கு 22 போதும். காரணம் எங்கள் தாய்மாருக்குத் தெரியும். ஆகவே சோறு அதிகமாகவும் கீரை குறைவாகவும் உள்ள தட்டு இருபாலருக்கும் கேடு என்றாலும், பெண்பிள்ளைக்கே கூடுதல் கேடு.

2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேருக்கு இரத்த சோகை இருக்கிறது. அதாவது அணிவகுப்பில் இரண்டு வரிசை நின்றால், ஒரு வரிசை முழுவதும் வெளுத்த கண்ணிமையோடு நிற்கிறது என்று பொருள். அன்று விழுந்தவள் ஒருத்தி. விழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர்கள் எத்தனை பேரோ!

கிராமில் ஒரு நாள்

எங்கள் மனையியல் ஆசிரியையின் துணையோடு, முகாமில் இருக்கும் பெண் கேடட்டுக்கு ஒரு நாள் பட்டியலை எடையால் எழுதிப் பார்த்தோம்:

அரிசி - 300 கிராம்
கேழ்வரகு மாவு - 100 கிராம்
பருப்பு - 75 கிராம்
கொண்டைக்கடலை அல்லது நிலக்கடலை - 40 கிராம்
முட்டை - 1
பால் - 200 மில்லி
காய்கறி - 250 கிராம்
கீரை - 75 கிராம்
எண்ணெய் - 35 மில்லி
வெல்லம் அல்லது சர்க்கரை - 30 கிராம்
வாழைப்பழம் - 1
எலுமிச்சை - பாதி

இது தோராயமாக 2600 கலோரியும் 65 கிராம் புரதமும் தரும். நாள் முழுவதும் ஓடியாடும் பிள்ளைக்கு இது ஆடம்பரம் அன்று; அவசியம். சைவப் பிள்ளைகளுக்கு முட்டைக்குப் பதில் சுண்டலையும் பாலையும் கூட்டிக்கொள்ளலாம்.

இப்பட்டியலில் கேழ்வரகைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகும் சாமையும் தினையும் விதைத்து உண்டு வந்தவர்கள். சேர்வராயன் கோயில் வரை செங்குத்தாக ஏறி இறங்கிய அவர்களுடைய கால்களே அத்தானியங்களுக்குச் சாட்சி. எங்கள் வகுப்பிலுள்ள மலைக்கிராமத் தோழியர், பாட்டிமார் கிண்டிய களியைப் பற்றிச் சொல்லும்போது சிறிது வெட்கப்படுவார்கள். இந்த ஆய்வுக்குப் பின் வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான் என்று உணர்ந்தோம்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். ஏர்க்காடு காப்பிக்குப் பெயர்பெற்ற ஊர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தது முதல் நமக்குக் காப்பி இல்லாமல் பொழுது விடிவதில்லை. ஆனால் சாப்பிட்ட உடனே காப்பியோ தேநீரோ குடித்தால், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைகிறது. எலுமிச்சை, நெல்லிக்காய், நம் மலை ஆரஞ்சு போன்றவை அது சேர்வதற்கு உதவுகின்றன. ஆகவே காப்பியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வது நலம். இதற்குப் பணச் செலவே இல்லை!

நல்வழி காட்டும் முன்மாதிரிகள்

உணவுத் தொகையை உயர்த்திய செய்திகள் பல உண்டு. 2023-ஆம் ஆண்டு தமிழக அரசு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் விடுதி மாணவர்களின் உணவுத் தொகையைப் பள்ளி மாணவர்க்கு மாதம் 1000 ரூபாயிலிருந்து 1400 ஆகவும், கல்லூரி மாணவர்க்கு 1100-லிருந்து 1500 ஆகவும் உயர்த்தியது. பள்ளி மாணவர்க்கு நாளொன்றுக்குச் சுமார் 33 ரூபாயாக இருந்தது 47 ரூபாய்க்கு அருகில் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில், பல ஆண்டுகளாக 150 பெசோவாக இருந்த படைவீரரின் நாள் உணவுப்படி, 2025 முதல் 350 பெசோவாக உயர்த்தப்பட்டது. இவை மகிழ்ச்சி தரும் செய்திகளே. ஆனால் ஒரேயடியாக இவ்வளவு உயர்த்த வேண்டியிருக்கிறது என்பதே, அதற்கு முந்திய ஆண்டுகளில் தட்டு எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதைக் காட்டுகிறது அன்றோ?

நமக்கு வெகு அருகிலேயே இதைவிடச் சிறந்த வழி ஒன்று இருக்கிறது. அது மதிய உணவுத் திட்டம். பெருந்தலைவர் காமராசர் காலத்தில் வேரூன்றி, 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அவர்களால் சத்துணவுத் திட்டமாக விரிந்து, இன்று நாடு முழுவதும் பரவியிருக்கும் திட்டம் அது. அதன் மத்திய அரசு விதியில் உணவு முதலில் எடையால் எழுதப்பட்டிருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குத் தானியம் 150 கிராம், பருப்பு 30 கிராம், காய்கறி 75 கிராம். அதில் 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்க வேண்டும். தானியம் தனியாக வந்துவிடுகிறது. பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் ஆகியவற்றுக்கான தொகை மட்டும் ரூபாயில் குறிக்கப்படுகிறது. கிராமப்புறத் தொழிலாளர்க்கான விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து அத்தொகை திருத்தப்படுகிறது. 2022 அக்டோபரில் 8 ரூபாய் 17 பைசாவாக இருந்தது, 2024 டிசம்பரில் 9 ரூபாய் 29 பைசாவாகவும், 2025 மே மாதத்தில் 10 ரூபாய் 17 பைசாவாகவும் ஆயிற்று. இடையில் இரண்டு ஆண்டுக்குமேல் தாமதம் நேர்ந்தது குறைதான். என்றாலும் முறை நல்ல முறை. கிராம் நிலையாக நிற்கிறது. ரூபாய் அதன்பின் ஓடி வருகிறது.

பணத்துக்கு எங்கே போவது?

இக்கேள்வியை எங்கள் தந்தையர் கேட்பார்கள் என்பது தெரியும். அதையும் கணக்கிட்டோம். இருபது லட்சம் கேடட்டுகளும் ஆண்டுக்கு ஒரு பத்து நாள் முகாமுக்குச் செல்வதாகவே வைத்துக்கொள்வோம். (உண்மையில் அத்தனை பேரும் ஒவ்வோர் ஆண்டும் செல்வதில்லை.) நாள்படியை ஒரு ரூபாய் உயர்த்தினால் ஆகும் செலவு இரண்டு கோடி ரூபாய். இருபது ரூபாய் உயர்த்தினால் நாற்பது கோடி. நாடு முழுவதற்குமான செலவு இது. சிறு தொகை அன்று. ஆனால் இயலாத தொகையும் அன்று.

செலவைக் குறைக்க நம் கையிலும் ஒரு வழி உண்டு. முகாமில் 400 பேர் இருந்து, ஒவ்வொருவரும் வேளைக்கு ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் சோற்றை எறிந்தால், வேளைக்கு 20 கிலோ, நாளுக்கு 60 கிலோ வீணாகிறது. எறியப்பட்ட அந்தச் சோற்றின் விலையில் எத்தனை முட்டை வாங்கலாம்! படியை உயர்த்தக் கேட்கும் உரிமை, தட்டைச் சுத்தமாகக் காலிசெய்பவருக்கே அழகு. முகாமின் கடைசி நான்கு நாட்களில் நாங்கள் மிச்சச் சோற்று வாளியை நாள்தோறும் நிறுத்துக் கரும்பலகையில் எழுதினோம். எண் ஒவ்வொரு நாளும் குறைந்தது.

எங்கள் பரிந்துரைகள்

1. மாணவர் படை முகாம்களின் உணவை முதலில் எடையால் நிர்ணயிக்க வேண்டும்; அந்த எடைக்கு எவ்வளவு பணம் தேவையோ அதுவே உணவுப்படியாக வேண்டும்.
2. மதிய உணவுத் திட்டத்தைப்போல, ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டின்படி அது தானாகவே உயர வேண்டும். யாரும் மனுக் கொடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது.
3. மாணவியர் முகாம்களில் கீரை, கடலை, முட்டை ஆகியவற்றின் அளவு இரும்புச்சத்துத் தேவையைக் கருதிக் கூட்டப்பட வேண்டும்.
4. அந்தந்த மலையிலும் ஊரிலும் விளையும் சிறுதானியங்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.
5. அன்றைய உணவின் எடைப் பட்டியலை மெஸ் வாசலில் எழுதி வைக்க வேண்டும்; கேடட்டுகள் இருவர் நாள்தோறும் அதைச் சரிபார்க்க வேண்டும்.

முடிவுரை

நற்செய்தியில், பசித்திருந்த பெருங்கூட்டத்தைப் பார்த்த பிலிப்பு கணக்குப் போட்டார். இருநூறு நாள் கூலியைச் செலவிட்டாலும் ஆளுக்கொரு துண்டுக்கும் போதாது என்பது அவர் கண்ட விடை. அவர் கணக்கு தவறன்று. ஆனால் இயேசு அக்கணக்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இருப்பதைக் கொண்டுவரச் சொன்னார், எல்லாரையும் அமரச் சொன்னார், எல்லாரும் வயிறார உண்ட பின் மிச்சத்தையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார். பணம் எவ்வளவு இருக்கிறது என்று தொடங்குவது பிலிப்பின் கணக்கு. பிள்ளைக்கு எவ்வளவு பசிக்கிறது என்று தொடங்குவது ஆண்டவரின் கணக்கு. நம் உணவுப்படியும் இரண்டாவது கணக்கிலிருந்து தொடங்கட்டும்.

அன்று திடலில் மயங்கிய தங்கை, மருத்துவர் தந்த மாத்திரைகளைத் தவறாமல் உண்டு, கீரையை ஒதுக்காமல் சாப்பிட்டு, இப்போது நலமாக இருக்கிறாள். அடுத்த முகாமுக்கும் பெயர் கொடுத்திருக்கிறாள். அவள் தட்டில் அந்த நான்காவது இட்லியும் ஒரு முட்டையும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. நாள்தோறும் செபத்தில் நாம் உணவு கேட்கும்போது, எனக்கு என்று கேட்பதில்லை. எங்களுக்கு என்றே கேட்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் அவளும் இருக்கிறாள்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு வீதம் விலை ஏறினால், 100 ரூபாய்க்கு வாங்கிய உணவு ஐந்து ஆண்டு கழித்து என்ன விலை ஆகும்?
2. உங்கள் வீட்டின் ஒரு நாள் உணவை ரூபாயில் எழுதாமல் கிராமில் எழுதிப் பாருங்கள். யார் தட்டில் குறைகிறது? அம்மாவின் தட்டிலா?
3. மெஸ்ஸில் விலை ஏறும்போது எந்தப் பொருளை முதலில் குறைக்கிறோம்? அது சரிதானா?